வேலூரிலிருந்து பெங்களூருக்கு: ஒரு சனிக்கிழமை இரவுக்கு பார் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்து நண்பர் கூட்டம் ஒரு இரவுக்காக பெங்களூர் கிளம்பும்போது முதலில் பேசுவது பாரின் பெயரைத்தான். யாரோ ரீல்ஸில் பார்த்த இடம். "இன்னா மச்சான், இங்க போலாமா?" என்று குரூப்பில் ஒரு லிங்க் விழும். எல்லாரும் சரி என்பார்கள். திட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

அப்புறம் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு அந்த பாரின் வாசலில் நிற்பார்கள். ஆண்கள் மட்டும் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்பார் வாசலில் நிற்பவர். அடுத்த இடத்துக்குப் போக ஆட்டோவில் முக்கால் மணி நேரம். அங்கே மேசை இல்லை. பத்தரைக்கு ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்து, பசியில் வேகமாகக் குடித்து, ஒருவன் வாந்தி எடுத்து, ரூமுக்குப் போக வண்டி கிடைக்காமல் நடுரோட்டில் நிற்பார்கள். இதே கதை வருடா வருடம் புதுப்புது ஆட்களோடு நடப்பதைப் பார்க்கிறேன்.

பாரின் பெயர் கடைசியில் முடிவாக வேண்டிய விஷயம். யார் வருகிறார்கள், என்று போகிறோம், எப்படித் திரும்புகிறோம், எங்கே தூங்குகிறோம், எந்தப் பகுதி என்ற வரிசையில் முடிவெடுத்தால், பார் தானாகவே நான்கைந்து பெயருக்குள் சுருங்கிவிடும். அந்த வரிசைப்படிதான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. யார் வருகிறார்கள்?

எத்தனை பேர், பெண்கள் வருகிறார்களா, குடிக்காதவர் யாராவது உண்டா என்பது முதலில் தெரிய வேண்டும். நான்கு பேருக்கு எங்கே போனாலும் ஒரு மேசை கிடைத்துவிடும். ஆறு பேர் என்றால் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட வேண்டும். பத்து பேரோடு சனிக்கிழமை இரவில் முன்பதிவு இல்லாமல் போவது வீண். ஆறுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு பேருக்கு மேல் போனால் ஆட்டோவும் இரண்டுக்கு மூன்றாகிவிடும், யாராவது ஒருவருக்காக மற்றவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

வயது முக்கியம். தமிழ்நாட்டைப் போலவே அங்கேயும் பார்களில் 21 வயது கேட்பார்கள். கல்லூரிப் பையன்கள் வரும் கூட்டத்தில் ஒருவருக்கு இருபதுதான் என்றால், அவர் வாசலில் நிற்க மற்றவர்கள் உள்ளே போவது நட்புக்கு அழகல்ல. அந்த மாலைக்கு வேறு திட்டம் போடுங்கள், பாருக்கு அடுத்த வருடம் போகலாம்.

பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையை ஒவ்வொருவரும் அசலாக வைத்திருக்க வேண்டும். போனில் எடுத்த போட்டோவைச் சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள், சில இடங்களில் மாட்டார்கள். ரூம் எடுக்கவும் இதே அட்டைதான் தேவைப்படும் என்பதால் கையோடு இருப்பது நல்லது.

மூடிய காலணி, முழு பேன்ட். வேலூர் வெயிலுக்குச் செருப்பும் ஷார்ட்ஸும் சரிதான். ஆனால் அந்த உடையில் வந்தால் பல பப்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

2. தேதி

நம்மூர் டாஸ்மாக் விடுமுறைப் பட்டியலை வைத்து அங்கே கணக்குப் போடாதீர்கள். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் போன்றவை தமிழ்நாட்டுக்கு உரியவை. கர்நாடகத்துக்கு அதன் சொந்தப் பட்டியல் உண்டு. அக்டோபர் 2 இரண்டு பக்கமும் மூடல். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும், வாக்கு எண்ணும் நாளும் மூடல். அவர்களுடைய தேர்தல் நாள் நமக்குத் தெரியாமலே போய்விடும், அதனால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விநாயகர் சிலை ஊர்வல நாட்களில் சில காவல் சரகங்களில் மட்டும் பார்களை மூடச் சொல்வார்கள்.

டிசம்பர் 31 அன்று பிரிகேட் ரோடு, எம்.ஜி. ரோடு பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். சாலைகளை மூடிவிடுவார்கள், கூட்டத்தில் நகர முடியாது, எல்லா இடத்திலும் தனிக் கட்டணம். சின்னசாமி மைதானத்தில் மேட்ச் நடக்கும் நாளிலும் அந்தப் பகுதியைத் தவிருங்கள்.

சனிக்கிழமைதான் எல்லாருக்கும் தோதான நாள் என்பது புரிகிறது. ஆனால் வியாழக்கிழமை லீவு போட முடிந்தால் அதுவே நல்ல நாள். அதே இடம், அதே மெனு. வாசலில் கெடுபிடி இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது காதில் விழும்.

3. போய்வரும் வழி

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஓசூர் வழியாகப் போனாலும் சித்தூர், கோலார் வழியாகப் போனாலும் சாலை நன்றாகவே இருக்கிறது, ஆசை வருவது இயல்புதான். ஆனால் கார் கொண்டுபோனால் ஒருவர் குடிக்க முடியாது. "ஒரு பீர்தானே" என்று அவரும் தொடங்குவார். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவு பாயும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரவு ஒரு மணி வரை குடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு வண்டி எடுப்பவருக்கும் இது பொருந்தும். தூங்கி எழுந்ததால் ரத்தம் சுத்தமாகிவிடாது.

ரயில்தான் சரி. காட்பாடியிலிருந்து பெங்களூருக்குப் பகல் வண்டிகள் நிறைய. சனிக்கிழமை காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியம் போய்ச் சேரலாம். இந்த வண்டியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் கூட்டம் எப்போதும் ஒரே ஊரிலிருந்து கிளம்புவதில்லை. ஒருவர் குடியாத்தம், ஒருவர் ஆம்பூர், ஒருவர் வாணியம்பாடி. வழியில் அவரவர் ஊரிலேயே ஏறிக்கொள்ளலாம், காட்பாடிக்கு வந்து காத்திருக்கத் தேவையில்லை. மாலை லால்பாக் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் போய்ச் சேரவே இரவு ஒன்பது ஆகிவிடும், அன்றைய மாலை ரயிலிலேயே போய்விடும்.

எங்கே இறங்குவது என்பதில்தான் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். டிக்கெட்டைக் கடைசி ஸ்டேஷன் வரை எடுத்து மெஜஸ்டிக்கில் இறங்கி, நகரத்தின் நடுவிலிருந்து திரும்பக் கிழக்கே வருவார்கள். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குங்கள். அங்கே ரயில் நிலையத்தை ஒட்டியே கே.ஆர்.புரா மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளி வரையிலான இடைவெளியை இணைத்த பிறகு, அங்கிருந்து ஊதா வழித்தடத்தில் நேராக இந்திராநகர், அல்சூர், டிரினிட்டி, எம்.ஜி. ரோடு போய்விடலாம். வெளியே ரோட்டில் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள்.

திரும்புவதை அன்றிரவே வைக்காதீர்கள். இரவு மெயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் ஒன்பதரைக்கே பாரை விட்டு எழ வேண்டும். எழமாட்டீர்கள். வண்டியைப் பிடித்தாலும் நடு ராத்திரிக்கு மேல் காட்பாடியில் இறங்க வேண்டும், தூங்கிவிட்டால் அரக்கோணம். போதையில் ரயிலில் தகராறு செய்வது ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரியது என்பதையும் நினைவில் வையுங்கள். ஞாயிறு மதிய வண்டிக்குத் திரும்பும் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும் லால்பாக்கில் போட்டால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

4. தூங்கும் இடம்

பாருக்கு முன்னால் ரூம். இரவு பன்னிரண்டரைக்கு நீங்கள் எங்கே போக வேண்டும் என்பதுதான் மாலையில் எங்கே உட்காரலாம் என்பதைத் தீர்மானிக்கும். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் ஓய்ந்துவிடும். பார்கள் ஒரு மணி வரை இருக்கும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரம் ஆட்டோவும் டாக்சியும்தான். இரவு 10 மணிக்கு மேல் ஆட்டோ மீட்டருக்கு ஒன்றரை மடங்கு.

புதியவர்கள் செலவு குறையும் என்று மெஜஸ்டிக் பக்கம் லாட்ஜ் எடுத்துவிட்டு இந்திராநகரில் குடிக்கப் போவார்கள். மிச்சப்படுத்திய பணம் நடு ராத்திரி டாக்சிக்கே போய்விடும். பார் இருக்கும் பகுதியிலேயே, நடந்து போகும் தூரத்தில் ரூம் எடுங்கள். டிரினிட்டி, அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நடுத்தர விலையில் ரூம்கள் கிடைக்கும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ் பேசுபவர்கள் நிறைய, வழி கேட்பதும் விடியற்காலையில் டீக்கடை தேடுவதும் சுலபம்.

முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: ஒரு ரூமில் எத்தனை பேர், நடு ராத்திரியில் கதவைத் திறப்பார்களா. சில லாட்ஜ்களில் 11 மணிக்கு ஷட்டர் இறக்கிவிடுவார்கள்.

5. ஒரே ஒரு பகுதி

இதுதான் மொத்தத் திட்டத்தின் அச்சாணி. ஓர் இரவுக்கு ஒரு பகுதி. மாலையில் இந்திராநகர், அப்புறம் கோரமங்களா என்று போடும் திட்டம் வரைபடத்தில் ஆறு கிலோமீட்டராகத் தெரியும். சனிக்கிழமை இரவு அது ஒரு மணி நேரம்.

சர்ச் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு: முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சர்ச் ஸ்ட்ரீட் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் நீளம், எம்.ஜி. ரோடு மெட்ரோவிலிருந்து சில நிமிட நடை. ஓர் இடம் பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கதவைத் தட்டலாம், ஆட்டோ வேண்டாம். பழைய பாணி இடங்கள் இன்னும் மிச்சமிருப்பதும் இங்கேதான். பெகோஸில் ராக் பாட்டும் மக்கில் பீரும். செயின்ட் மார்க்ஸ் ரோடில் பல காலமாக இருக்கும் கோஷிஸில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பேசலாம். ஆர்பர் ப்ரூயிங் கம்பெனி இருக்கும் மேக்ராத் ரோடும் இங்கிருந்து நடை தூரம்தான்.

இந்திராநகர்: 100 அடி ரோடு, 12வது மெயின். பீரை அங்கேயே காய்ச்சும் ப்ரூ பப்களுக்கு இந்தப் பகுதி. 2010-ல் தொடங்கிய டாயிட் இங்கேதான். சனிக்கிழமை இரவு வாசலில் காத்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். மாலை ஐந்தரைக்குப் போனால் நல்ல மேசை கிடைக்கும், எட்டரைக்குப் போனால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும்.

கோரமங்களா: இளைஞர் கூட்டம், விலை கொஞ்சம் இறங்கும், இடங்கள் ஏராளம். மெட்ரோ நிலையம் கிட்டத்தில் இல்லை என்பதால் ரூமும் அங்கேயே எடுத்தால் மட்டும் போங்கள்.

வைட்ஃபீல்ட், சர்ஜாப்பூர், ஹென்னூர்: பெரிய பெரிய ப்ரூவரிகள், தோட்டம், நீர்த்தொட்டி, குடும்பத்தோடு வரும் கூட்டம். ஓர் இடத்தில் மட்டும் மாலை முழுக்க உட்காரும் எண்ணம் என்றால் அருமை. வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் போன்ற இடத்தில் இசை கேட்கவே போகலாம். அந்த இடம் பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் வேறு எதுவும் நடை தூரத்தில் இருக்காது.

6. எந்த வகை பார்?

பெயரைத் தேடுவதற்கு முன் வகையை முடிவு செய்யுங்கள். அன்றிரவு பேச வேண்டுமா, பாட்டு கேட்க வேண்டுமா, ஆட வேண்டுமா? கல்யாணம் ஆகப்போகும் நண்பனோடு பேசப் போகிறவர்கள் டிஜே இருக்கும் இடத்துக்குப் போய், ஒருவர் காதில் ஒருவர் கத்திவிட்டு வருவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

பார் அண்ட் ரெஸ்டாரண்ட் என்று போர்டு போட்ட சாதாரண இடங்களை ஒதுக்காதீர்கள். விலை குறைவு, சாப்பாடு காரசாரமாக இருக்கும், ஆண்கள் கூட்டத்தை யாரும் தடுக்கமாட்டார்கள். விளக்கு மங்கலாகவும் புகையாகவும் இருக்கலாம், பெண்கள் இருந்தால் பொருந்தாது. கழிப்பறையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். கழிப்பறை சுத்தமாக இருந்தால் சமையலறையும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

ப்ரூ பப் கலப்புக் கூட்டத்துக்கு ஏற்றது. குடிக்காதவருக்கும் நல்ல சாப்பாடு உண்டு, வெளிச்சம் உண்டு. குடிக்காத நண்பர் ஒருவர் இருக்கிறார் என்றாலே என் முதல் யோசனை இதுதான்.

ரூஃப் டாப்பும் கிளப்பும் ஆண்கள் மட்டும் வரும் குழுவுக்குக் கடினம். வார இறுதியில் பல இடங்களில் 'ஸ்டாக் என்ட்ரி' (பெண்கள் இல்லாமல் ஆண்கள் மட்டும் உள்ளே வருவது) இல்லை என்பார்கள், அல்லது தலைக்கு இவ்வளவு என்று கவர் சார்ஜ் வாங்குவார்கள். வாசலில் நின்று கெஞ்சுவதில் எந்தப் பயனும் இல்லை.

7. போன் போட்டுக் கேட்பது

ஆப்பில் முன்பதிவு செய்தாலும் ஒரு தடவை போன் போடுங்கள். ஆப் சொல்லாததை மேனேஜர் சொல்வார். மாலை நான்கு, ஐந்து மணி வாக்கில் கூப்பிட்டால் பொறுமையாகப் பேசுவார்கள். எட்டு மணிக்குப் பின்னால் பாட்டுச் சத்தம்தான் கேட்கும்.

இப்படிக் கேளுங்கள்: "சனிக்கிழமை ஆறரைக்கு ஆறு பேர் வருகிறோம், எல்லாரும் ஆண்கள், உள்ளே விடுவீர்களா? கவர் சார்ஜ் உண்டா? அந்தப் பணம் பில்லில் கழியுமா? மேசை எத்தனை மணி வரை எங்களுக்கு? கிச்சன் எப்போது மூடும்? கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?"

எல்லாரும் ஆண்கள் என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பதிவு செய்தால் வாசலில்தான் தெரியவரும், அங்கே பேசித் தீர்க்க முடியாது. கவர் சார்ஜ் கழியும் என்றால் முழுதும் கழியுமா, சாப்பாட்டுக்கும் சேருமா என்று கேளுங்கள். மதுவுக்கு மட்டும் கழியும் என்று சொல்லும் இடத்தில், பணம் வீணாகக்கூடாது என்பதற்காகவே கூடுதலாகக் குடிப்பார்கள்.

பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் "இன்னாரிடம் பேசினோம்" என்று சொன்னால் நிலைமை மாறும்.

8. வரிசை: இரண்டு இடம் போதும்

ஒரு இரவில் நான்கு பார் என்று பட்டியல் போடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு தடவை எழும்போதும் பில் வர வேண்டும், பணம் கட்ட வேண்டும், நடக்க வேண்டும், அடுத்த வாசலில் அட்டை காட்ட வேண்டும், மேசைக்கு நிற்க வேண்டும். ஒரு மாற்றத்துக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். அதோடு ஒவ்வொரு புது இடத்திலும் உட்கார்ந்ததும் ஒரு ரவுண்டு சொல்லியே ஆக வேண்டும் என்பதால் அளவும் தெரியாமல் ஏறும்.

முதல் இடம் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும். ஐந்தரை, ஆறு மணிக்கே உட்காருங்கள். பல இடங்களில் மாலைச் சலுகை விலை அந்த நேரத்தில்தான், கூட்டமும் வந்திருக்காது. இரவுச் சாப்பாட்டில் முக்கால்வாசியை இங்கேயே முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் கலக்கும், சாப்பிட்டிருந்தால் மெதுவாக ஏறும்.

இரண்டாவது இடம் பாட்டுக்கு. ஒன்பது, ஒன்பதரைக்கு மாறினால் போதும். முதல் இடத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். ரூமுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் களைப்பு கூடக்கூட தூரம் குறைய வேண்டும்.

இரண்டுக்கும் ஒவ்வொரு மாற்று இடம் குறித்து வைத்திருங்கள், அதே தெருவில்.

9. உள்ளே உட்கார்ந்ததும்

முதலில் தண்ணீர். பாட்டில் தண்ணீரை அவர்களே திறந்து வைத்தால் பில்லில் வரும். சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

ப்ரூ பப்பில் நேராகப் பெரிய கிளாஸ் சொல்லாதீர்கள். எல்லா வகையும் சின்னச் சின்ன கிளாஸில் ருசி பார்க்கத் தருவார்கள், அதில் பிடித்ததைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் பாட்டில் பீர் பழக்கத்தில் வருபவர்கள். வீட் பீர் வந்ததும் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். கலங்கலாக இருக்கும், வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அடிக்கும். "கெட்டுப்போச்சு போல, மாத்திக் குடுங்கண்ணா" என்று திருப்பி அனுப்புவார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். கோதுமையின் புரதமும் வடிகட்டாத ஈஸ்டும் தரும் கலங்கல் அது, வாசனையும் அந்த ஈஸ்டுடையதுதான். ஐபிஏ என்ற பீர் வகை கசக்கும், அதுவும் அதன் இயல்பு. கசப்பு ஆகாது என்றால் வீட் பீரோ லாகரோ போதும்.

மெனுவில் ஒவ்வொரு பீருக்கும் ஏபிவி என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், அதில் ஆல்கஹால் எவ்வளவு என்பதுதான் அது. புதியவர்கள் விலையைப் பார்ப்பார்கள், இதைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அன்றிரவு நீங்கள் எந்த நிலையில் ரூமுக்குப் போவீர்கள் என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 330 மில்லி, 5 சதவீத பீரில் சுத்தமான ஆல்கஹால் 16.5 மில்லி. நம் நாட்டு விஸ்கி, பிராந்தி பெரும்பாலும் 42.8 சதவீதம். அதில் 60 மில்லி லார்ஜ் என்றால் ஏறத்தாழ 26 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 52 மில்லி, அதாவது இரண்டு லார்ஜ். "நான் பீர்தான் சாப்பிட்டேன்" என்று சொல்பவர் மூன்று ஸ்ட்ராங் பாட்டிலில் ஆறு லார்ஜ் முடித்திருப்பார்.

உடம்பு இதை மெதுவாகத்தான் எரிக்கும், ஏறத்தாழ மணிக்கு ஒரு 30 மில்லி ஸ்மால் அளவு. காபியோ மோரோ குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதோ அந்த வேகத்தைக் கூட்டாது. அதனால் ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர், மணிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ரவுண்டு முறையில் ஆர்டர் பண்ணாதீர்கள். ஆறு பேரும் ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்கினால் மெதுவாகக் குடிப்பவரும் ஆறு குடித்தாக வேண்டும். அவரவர் வேகத்தில் அவரவர் சொல்லட்டும். போதும் என்பவரை இன்னொன்று போடு மாமா என்று வற்புறுத்துவது நம் ஊர்ப் பாசம்தான், ஆனால் அன்றிரவு அந்தப் பாசம் வேண்டாம்.

ஹாட் (விஸ்கி, பிராந்தி போன்றவை) அடிப்பவர்கள் அளக்கும் குவளையை மேசைக்கே கொண்டுவந்து ஊற்றச் சொல்லலாம். பாட்டில் பீரை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

10. பில்

ஒருவர் கட்டட்டும், மற்றவர்கள் அப்போதே அவருக்கு அனுப்பிவிடட்டும். குடிக்காதவருக்குக் குடித்தவர்களோடு சமபங்கு போடாதீர்கள். அவர் எதுவும் சொல்லமாட்டார், அடுத்த தடவை வரமாட்டார்.

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, சாப்பாட்டுக்கு உண்டு. பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், மொத்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் உங்கள் விருப்பம். அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் கொடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நன்றாகக் கவனித்த சர்வருக்கு அந்தப் பணத்தைக் கையில் கொடுங்கள், அது அவருக்கே போய்ச் சேரும்.

நள்ளிரவில் யூபிஐ சில சமயம் தொங்கும். ஒரு கார்டும் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

11. கிளம்புவது

கடைசி ஆர்டர் வரை உட்காராதீர்கள். ஒரு மணிக்கு எல்லா பாரும் ஒரே நேரத்தில் காலியாகும், தெரு முழுக்க ஆட்டோ தேடும் கூட்டம். பன்னிரண்டுக்கே எழுந்தால் நம்ம யாத்ரியிலோ வேறு ஆப்பிலோ வண்டி கிடைக்கும். பெண்கள் தனி ரூமுக்குப் போக வேண்டும் என்றால் முதலில் அவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் போகலாம். ஆபத்து என்றால் 112.

மெட்ரோவில் போகும் அளவு நேரத்தோடு கிளம்பினாலும், தள்ளாடிக்கொண்டு போனால் நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

ஒருவருக்கு ரொம்ப ஏறிவிட்டால் ரூமில் தனியாகப் படுக்க வைத்துவிட்டு வராதீர்கள். மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் பக்கத்தில் இருங்கள். தட்டியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது என்றால் "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குக் கிளம்பும்போது பையைப் பாருங்கள். அங்கே விலை தோதாக இருக்கிறது என்று நான்கு பாட்டில் வாங்கிப் பைக்குள் துணிக்கடியில் வைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், வழியில் வண்டி குப்பம் பக்கம் ஆந்திராவையும் தாண்டுகிறது. வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் பெங்களூரில் இருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.